சீமெந்து வீடும் கதிர்வீச்சும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு மனம் ஒரு நிமிடம் நின்றுவிடும். அதில் பிழையில்லை. என்ன விழுந்தது, அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்கவும் வழியில்லாமல் பதுங்குகுழிக்குள் இருந்த மக்கள் நாங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்புக்குள் புகுந்து பிறகு நோயாக வெளிவரும் என்ற பயம், போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் போகவில்லை.

அண்மையில் இரண்டு கேள்விகள் என்னிடம் வந்தன. ஒன்று கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடையது. கருங்கல் சல்லியிலும் சீமெந்திலும் கதிர்வீச்சு இருப்பதாக யாரோ கைத்தொலைபேசியில் ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார்கள். "உண்மையோ?" என்று கேட்டார். மற்றது ஒஸ்லோவில் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் ஒருவருடையது. அவருடைய வீட்டில் 'ரேடன்' அளக்கப் போகிறார்களாம், அது என்ன என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும், உண்மையில் ஒன்றுதான். மனிதர் நிலத்தைத் தோண்டி, கல்லை உடைத்து, நான்கு பக்கமும் சுவர் எழுப்பி உள்ளே இருக்கத் தொடங்கும்போது, இயற்கையாக இருக்கும் கதிர்வீச்சுக்கு என்ன நடக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம்

கதிர்வீச்சு இல்லாத இடம் என்று பூமியில் ஒன்று இல்லை. விண்வெளியிலிருந்து ஒரு பங்கு வருகிறது. நிலத்தில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து இன்னொரு பங்கு வருகிறது. சாப்பாடு, தண்ணீர் வழியாகச் சிறிதளவு உடம்புக்குள் போகிறது. இவற்றைவிட, யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உண்டாகும் ரேடன் என்ற வாயுவை நாங்கள் மூச்சோடு உள்ளெடுக்கிறோம்.

ஐக்கிய நாடுகளின் அணுக் கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய விஞ்ஞானக் குழு இதை உலக அளவில் கணக்கிட்டிருக்கிறது. ஒரு மனிதருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சின் சராசரி 2.4 மில்லி சீவேட். அதில் விண்வெளியின் பங்கு 0.39, நிலமும் கட்டடப் பொருட்களும் வெளியிலிருந்து தருவது 0.48, உணவு 0.29. மிகப் பெரிய பங்கு, அதாவது 1.26, ரேடனுடையது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: நெஞ்சுப் பகுதிக்கு எடுக்கும் ஒரு சீ.ரி. ஸ்கான் ஏறத்தாழ 7 மில்லி சீவேட் கொடுக்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொத்தத்தில் பாதிக்கு மேல் நாங்கள் மூச்சிழுக்கும் வளியிலிருந்து, பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும்போது வருகிறது. ஆகவே எப்படிப்பட்ட கட்டடத்தில் இருக்கிறோம் என்பது முக்கியமான விடயம்.

வெளியில் நிற்பதும் உள்ளே இருப்பதும்

வெட்டவெளியில் நிற்பவருக்கு நிலத்தின் கதிர்வீச்சு காலடியிலிருந்து மட்டும் வருகிறது. கல்லாலோ கொங்கிறீட்டாலோ கட்டிய அறைக்குள் இருப்பவருக்கு நிலம், நான்கு சுவர், மேலே தட்டு என்று ஆறு பக்கமும் அதே மண்ணும் கல்லும் சூழ்ந்து நிற்கின்றன. சுவர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுவரே ஒரு மூலமாகவும் இருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வெளியே மணித்தியாலத்துக்கு 59 நனோகிரே என்றால், உள்ளே 84 நனோகிரே என்பது உலகச் சராசரி. உள்ளே சுமார் 1.4 மடங்கு கூட.

இது பெரிய வித்தியாசம் போலத் தோன்றும். நாளில் 80 வீத நேரத்தை உள்ளே கழிப்பவருக்கு இந்த மேலதிகம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.12 மில்லி சீவேட் மட்டுமே. நெஞ்சுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். கிடுகால் மேய்ந்த கொட்டிலிலோ பலகை வீட்டிலோ இந்த மேலதிகம் இல்லை. அதற்காக யாரும் கல்வீட்டை விட்டுக் கொட்டிலுக்குப் போகத் தேவையில்லை.

வீதிகளிலும் இதே விதிதான். தாரும் சீமெந்தும் கீழேயுள்ள மண்ணின் கதிர்வீச்சை மறைக்கின்றன. ஏறத்தாழ ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் வரை தடிப்பான கொங்கிறீட் அதைப் பாதியாக்கும். ஆனால் வீதிக்குப் போட்ட சல்லி தன் பங்கைச் சேர்க்கும். ஆகவே கீழேயுள்ள மண்ணில் கூட இருந்து மேலே போட்ட கல்லில் குறைவாக இருந்தால் நகரமாவதால் அளவு இறங்கும். மாறி இருந்தால் ஏறும். மொனசைற் என்ற தோரியக் கனிமம் கலந்த மணல் உள்ள கேரளக் கரையோரத்திலும் பிரேசிலின் குவாரப்பரியிலும் மணலை மூடிச் சீமெந்தோ தாரோ போட்ட இடங்களில் அளவு குறைகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினால் சற்றுக் கூடுகிறது.

யாழ்ப்பாணமும் வன்னிக் கல்லும்

இந்த இரண்டாவது வகைக்கு யாழ்ப்பாணம் நல்ல உதாரணம். குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குத் தோண்டியதும் அந்தக் கல்லைத்தான். சுண்ணாம்புக்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொதுவாகக் குறைவு. எங்கள் பழைய வீடுகள் இந்தக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. தீவின் மற்றப் பெரும்பகுதி, வன்னி உட்பட, மிகப் பழைய படிகப் பாறைகளால் ஆனது. கருங்கல் என்று நாங்கள் சொல்லும் கிரனைற்றும் நைசும் அங்கிருந்து வருகின்றன. அவற்றில் இந்த மூலகங்கள் சுண்ணாம்புக்கல்லைவிடக் கூட.

இலங்கைப் பாறைகளில் தோரியம் இருப்பது புதிய செய்தியும் இல்லை. தோரியனைற் என்ற கனிமம் உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இந்தத் தீவில்தான், 1904இல். அதைக் கண்டெடுத்தவர் அப்போது இலங்கைக் கனிய ஆய்வின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராக நாங்கள் அறிந்திருக்கும் அதே குமாரசுவாமிதான்.

2009க்குப் பிறகு வடக்கில் நடந்தது பெரிய கட்டுமானம். ஏ9 வீதி காப்பெற் வீதியானது. இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் மட்டும் 50,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. சீமெந்துக் கல்லும் கருங்கல் சல்லியும் குடாநாட்டின் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் போயின. இதனால் வீட்டுக்குள்ளே கதிர்வீச்சு முன்பைவிடச் சிறிது கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அது ஆபத்தான அளவா என்பதை அறிய, கட்டடப் பொருட்களுக்கென ஐரோப்பிய ஒன்றியம் பாவிக்கும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது.

ஒரு சுட்டெண்

ஒரு கிலோ பொருளில் உள்ள ரேடியத்தின் அளவை 300ஆலும், தோரியத்தை 200ஆலும், பொட்டாசியத்தை 3000ஆலும் வகுத்து மூன்றையும் கூட்ட வேண்டும். அளவுகள் பெக்கரலில் இருக்க வேண்டும். பெக்கரல் என்றால் ஒரு செக்கனுக்கு ஒரு அணு சிதைகிறது என்று பொருள். வரும் விடை 1ஐ விடக் குறைவாக இருந்தால், அந்தப் பொருளால் முழு வீட்டையும் கட்டினாலும் ஆண்டொன்றுக்கு மேலதிகமாக 1 மில்லி சீவேட்டைத் தாண்டாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஆணைக்குழு 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள வழமையான அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண கொங்கிறீட்டில் ரேடியம் 40, தோரியம் 30, பொட்டாசியம் 400. கூட்டினால் 0.42. செங்கல்லில் 50, 50, 670. கூட்டினால் 0.64. உலகின் சாதாரண மண்ணுக்கே இந்தச் சுட்டெண் 0.5க்குக் கிட்ட வரும். அதாவது சாதாரண சீமெந்து வீடும் நாங்கள் காலாகாலமாக மிதித்து நடக்கும் மண்ணும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருக்கின்றன. காணொளி பார்த்துப் பயந்தவர்களுக்கு இதுவே பதில்.

நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து பற்றியும் பலர் கேட்கிறார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. இன்று மூன்று பிரிவுகளுமாக 900 மெகாவாற் கொள்ளளவு கொண்டது. நிலக்கரி எரிந்து போகும்போது அதிலுள்ள யுரேனியமும் தோரியமும் சாம்பலில் தங்கிச் செறிவாகின்றன. அந்தச் சாம்பலின் ஒரு பகுதி சீமெந்து உற்பத்தியில் சேர்க்கப்படுகிறது. மேலே சொன்ன வழிகாட்டியில் சாம்பலின் வழமையான அளவுகள் ரேடியம் 180, தோரியம் 100, பொட்டாசியம் 650. சுட்டெண் 1.3. கேட்டதும் பயம் வரலாம். ஆனால் யாரும் வெறும் சாம்பலால் வீடு கட்டுவதில்லை. கொங்கிறீட்டில் ஏழில் ஒரு பங்கு சீமெந்து, அந்தச் சீமெந்தில் நாலில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தால், முழுக் கலவையில் சாம்பல் 4 வீதம்கூட இல்லை. சுட்டெண்ணில் அதன் பங்கு 0.05 அளவுதான். பெரும்பகுதி சாம்பலாக இருக்கும் கல்லை விற்க வந்தால் கதை வேறு. அப்போது பரிசோதனை அறிக்கை கேட்பது சரி.

சுவீடனில் நடந்தது

அப்படியானால் கட்டடப் பொருளால் ஒருபோதும் ஆபத்து வராதா? வந்திருக்கிறது. அதற்குச் சுவீடனின் அனுபவம் உலகறிந்தது.

அங்கே 1929இலிருந்து 1975வரை படிகாரக் களிக்கல் என்ற ஒரு வகைக் கறுப்புக் கல்லைச் சேர்த்து இலேசான கொங்கிறீட் கல் செய்தார்கள். நிறத்தை வைத்து அதற்கு 'நீலக் கொங்கிறீட்' என்று பெயர். மலிவு, பாரம் குறைவு, குளிரைத் தாங்கும். சில இலட்சம் வீடுகளில் அதைப் பாவித்தார்கள். அந்தக் களிக்கல்லில் யுரேனியம் செறிவாக இருந்தது. இந்தக் கொங்கிறீட்டின் வழமையான ரேடியம் அளவு ஏறத்தாழ 1300. சுட்டெண் 4க்கு மேல். சாதாரண கொங்கிறீட்டைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

1956இலேயே பெங்ட் ஹல்ற்குவிஸ்ற் என்ற சுவீடிய விஞ்ஞானி வீடுகளுக்குள் அளந்து வெளியிட்டிருந்தார். ஆனாலும் விடயம் பெரிதாக எடுக்கப்படவில்லை. 1973இல் எரிபொருள் விலை ஏறியதும் வெப்பத்தைச் சேமிக்க மக்கள் யன்னல், கதவு இடுக்குகளை அடைத்தார்கள். முன்பு இடுக்கு வழியே வெளியேறிய ரேடன் உள்ளேயே தேங்கியது. சுவர் அதே சுவர்தான். காற்றோட்டம் குறைந்ததும் ஆபத்துக் கூடிற்று.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் நடந்தது வேறு விதம். 1950களிலும் 60களிலும் யுரேனிய ஆலையின் கழிவு மணல் இலவசமாகக் கிடைத்தது. மக்கள் அதை ஏற்றிவந்து அத்திவாரங்களை நிரப்பினார்கள். பிறகு ஆயிரக்கணக்கான காணிகளை அரசு செலவில் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது.

இரண்டிலும் பாடம் ஒன்றே. சாதாரண கல்லும் மண்ணும் பெரிய பிரச்சினை இல்லை. ஏதோ ஒரு தொழிலில் செறிவாக்கப்பட்ட கழிவு, மலிவு என்ற காரணத்தால் வீட்டுக்குள் வரும்போதுதான் பிரச்சினை.

ரேடன் என்ற வாயு

ரேடனுக்கு நிறமும் மணமும் இல்லை. 3.8 நாளில் பாதி சிதைந்துவிடும். ஆனால் அதற்குள் நிலத்து வெடிப்புகள் வழியே மேலே வந்து வீட்டுக்குள் புகுந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் நுண்துகள்கள் நுரையீரலில் படிகின்றன. புகைத்தலுக்கு அடுத்ததாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று ரேடன் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கனமீற்றர் வளியில் நீண்டகால அளவு 100 பெக்கரல் கூடும்போது ஆபத்து ஏறத்தாழ 16 வீதம் கூடுகிறது. புகைப்பவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட ரேடனால் வரும் ஆபத்து 25 மடங்கு.

எங்கள் நாட்டு வெப்பநிலையில், யன்னல் திறந்திருக்கும் வீட்டில், ரேடன் தேங்க வழி குறைவு. குளிர் நாடுகளில் நிலைமை தலைகீழ். உள்ளே சூடான வளி மேலெழுந்து வெளியேற, வீடு கீழிருந்து நிலத்து வளியை உறிஞ்சுகிறது. நிலக்கீழ் அறை என்றால் நான்கு சுவரும் தரையும் மண்ணோடு ஒட்டியிருக்கின்றன. யன்னலும் பூட்டியிருக்கும்.

இங்கேதான் இந்த விடயம் எங்கள் மக்களுக்கு உண்மையில் சுடுகிறது. போரால் இடம்பெயர்ந்து போனவர்களில் எத்தனை பேர் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாடகை குறைவு என்பதால் நிலக்கீழ் அறைகளில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள், இருக்கிறார்கள்! ஒஸ்லோவின் சில பகுதிகளுக்குக் கீழே இருப்பதும் சுவீடனைப் போன்ற அதே படிகாரக் களிக்கல்தான். சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியும் ரேடன் கூடிய பகுதி. கனடாவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் சுமார் 16 வீதம் ரேடனோடு தொடர்புடையவை என்று அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் மதிப்பிட்டிருக்கிறது.

இதற்குச் சட்டமும் அளவும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 100 பெக்கரல், முடியாவிட்டால் 300ஐத் தாண்டக்கூடாது. கனடாவின் வழிகாட்டு அளவு 200. பிரித்தானியாவின் நடவடிக்கை அளவும் 200. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 300. நோர்வேயில் 2014 ஜனவரியிலிருந்து, வாடகைக்கு விடும் வீட்டில் ரேடன் 200ஐத் தாண்டாமல் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. 100ஐத் தாண்டினாலே குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். "வாடகைக்கு இருக்கிறோம், கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவார்" என்று பேசாமல் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அங்கே அளந்து தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அளப்பதும் சுலபம். உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் கருவி ஒன்றை நீங்கள் கூட நேரம் இருக்கும் அறையில் குளிர்காலத்தில் மூன்று மாதம் வைத்து, பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் விடை வரும். அளவு கூடியிருந்தால் தரையின் வெடிப்புகளை அடைத்து, தரைக்குக் கீழே ஒரு குழாய் இறக்கி, சிறிய விசிறியால் வாயுவை வெளியே இழுத்துவிடலாம். வீட்டை மாற்ற வேண்டியதில்லை.

இங்கே கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காற்றோட்டம். சுவரின் மேற்பக்கத்துக் காற்றுத் துவாரங்களை அழகுக்காக அடைக்க வேண்டாம். ஏசி பூட்டிய அறையில் அதே வளிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. புதிய வளி வராது. காலையும் மாலையும் யன்னலைத் திறந்து விடுங்கள். நிலத்துக்குச் சீமெந்து போடும்போது வெடிப்பும் குழாய் இடுக்கும் இல்லாமல் பாருங்கள்.

இரண்டாவது, இடிபாடு. குண்டு விழுந்த வீட்டின் கல்லை மீண்டும் பாவித்தால் கதிர்வீச்சு வருமா என்று கேட்கிறார்கள். சாதாரண வெடிபொருள் வெடிப்பதால் கல் கதிரியக்கம் பெறுவதில்லை. இடிபாட்டில் பயப்பட வேண்டியவை வேறு இரண்டு: உள்ளே கிடக்கக்கூடிய வெடிக்காத வெடிபொருள், உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டின் தூசு. இரண்டாவதும் நுரையீரலுக்குள்தான் போய்ப் படிகிறது.

மூன்றாவது, கனிய மணல். புல்மோட்டையில் பல பத்தாண்டுகளாக இல்மனைற் எடுக்கிறார்கள். மன்னார்த் தீவில் அப்படியான அகழ்வு வேண்டாம் என்று மக்கள் போராடுகிறார்கள். கடற்கரையில் பரவிக் கிடக்கும்போது மொனசைற் மிகச் சிறிய பங்கு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் அப்படியான மணலின் மேல் வாழும் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வில், வெளிக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் இல்மனைற்றைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பாரமான பகுதியில் தோரியம் செறிவாகிறது. அந்த மிச்ச மணல் எங்கே கொட்டப்படுகிறது, யாருடைய அத்திவாரத்துக்குப் போகிறது என்பதைக் கேட்டே ஆக வேண்டும். கிராண்ட் ஜங்ஷனில் கேட்காமல் விட்டது இதைத்தான்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை அணுசக்திச் சபையும், அதைவிடத் தனியாக அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் அமைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் பொது அதிகார சபைகளிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். எங்கள் மாவட்டத்துக்கு வரும் சல்லி, மணல், சாம்பல் கலந்த சீமெந்து ஆகியவற்றில் ரேடியம், தோரியம், பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு பிரதேச சபை உறுப்பினரோ கிராம அபிவிருத்திச் சங்கமோ எழுதிக் கேட்கலாம். மூன்று எண்கள் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரே செய்துவிடுவார். 1ஐ விடக் குறைந்தால் நிம்மதியாகக் கட்டலாம். கூடினால், அந்தப் பொருள் ஊருக்குள் வருமுன்னரே நிறுத்தச் சொல்லலாம்.